சிறப்புப் பட்டமா பொதுப் பட்டமா: பாடம் எழுதிக் கொடுக்குமுன் மணித்தியாலத்தைக் கணக்குப் போடுங்கள்

புது பேட்ச் கெம்பஸுக்குள் கால் வைத்த உடனே சீனியர்களிடம் கேட்கிற முதல் கேள்வி, "அக்கா, எந்தப் பாடம் லேசு?" என்பதுதான். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அதற்குக் கிடைக்கிற பதில் சொல்கிற ஆளைப் பொறுத்தது, ஏனென்றால் கணக்கில் கெட்டிக்காரி பொருளியல் லேசு என்பாள், பக்கம் பக்கமாக எழுதக்கூடியவன் வரலாறு லேசு என்பான், இரண்டையும் நம்பி இரண்டையும் எடுத்தவர் நடுவில் மாட்டிக்கொள்வார். அதனால் பாடத்தின் பெயரை வைத்து முடிவெடுக்காமல், அந்தப் பாடம் வாரத்துக்கு உங்களிடம் எத்தனை மணித்தியாலம் கேட்கும், அதை எந்த மாதிரி வேலையாகக் கேட்கும் என்று பார்க்கிற ஒரு முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். தோட்டப் பாடசாலையில் தமிழ் மொழி மூலம் உயர்தரம் படித்து, பேராதனைக் கலைப்பீடத்துக்கு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதினாலும், கணக்கு எல்லாப் பீடத்துக்கும் பொருந்தும்.

முதலில் அடிப்படை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி மூன்று வருடப் பொதுப் பட்டம் 5ஆம் மட்டம், குறைந்தது 90 கிரெடிட் (படிப்பின் பாரத்தை அளக்கிற அலகு). நான்கு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம், குறைந்தது 120 கிரெடிட். வகுத்துப் பார்த்தால் இரண்டிலும் ஒரு செமஸ்டருக்கு, அதாவது அரை வருடப் பருவத்துக்கு, 15 கிரெடிட்தான் வரும். அப்படியானால் சிறப்புப் பட்டம் ஏன் பாரமாகத் தெரிகிறது? ஒரே துறைக்குள் ஆழமாகப் போக வேண்டும், வாசிப்பு கூடும், கடைசி வருடத்தில் சொந்தமாக ஓர் ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். பாரம் எண்ணிக்கையில் இல்லை, வேலையின் தன்மையில் இருக்கிறது.

அடுத்து, பலர் தவறவிடுகிற இடம். சிறப்புத் துறையை இரண்டாம் வருடத்தில் யோசிக்கலாம் என்று நினைக்கிறோம், ஆனால் பாதி முடிவு முதலாம் வருடத்தில் பாடங்களை எழுதிக் கொடுக்கிற அன்றைக்கே எடுக்கப்பட்டுவிடுகிறது. முதலாம் வருடத்தில் படிக்காத பாடத்தில் சிறப்புக்குப் போவது பெரும்பாலும் முடியாது. அந்தப் பாடத்தில் குறிப்பிட்ட பெறுபேறு கேட்பார்கள், இடமும் மட்டாகத்தான் இருக்கும். ஆகவே படிவத்தைக் கொடுக்குமுன் துறை அலுவலகத்துக்குப் போய் நாலு விஷயம் நேரடியாகக் கேளுங்கள்: சிறப்புக்கு எடுக்க என்ன பெறுபேறு வேண்டும், எத்தனை பேரை எடுப்பார்கள், முதலாம் வருடத்தில் எந்தெந்தப் பாடநெறி (ஒரு பாடத்துக்குள் வருகிற தனித்தனி அலகு) கட்டாயம், நான்கு வருடமும் தமிழில் படிக்க முடியுமா. கடைசிக் கேள்வி நமக்கு மிக முக்கியம். முதலாம் வருடத்தில் தமிழ் மொழி மூலம் இருக்கிற பாடம் மேல் வருடங்களில் ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ மாறலாம், விருப்பப் பாடநெறிகள் எல்லாம் எல்லா வருடமும் தமிழில் நடக்கும் என்றும் இல்லை. இதைச் சீனியரிடம் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் காலத்து நிலைமை இப்போது மாறியிருக்கலாம், மாணவர் கையேட்டைப் பார்த்து, துறைத் தலைவரிடமோ மாணவர் ஆலோசகரிடமோ உறுதிப்படுத்துங்கள். பதுளை ஊவா வெல்லஸ்ஸவுக்குப் போகிறவர்களுக்கு அங்கே படிப்பே ஆங்கிலத்தில்தான் என்பதால் இந்தக் குழப்பம் இல்லை, ஆனால் ஆங்கிலத்துக்கான நேரத்தை முதல் நாளிலிருந்தே ஒதுக்க வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலக் கற்றல் என்று சட்டகம் சொல்கிறது. விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் இதற்குள் அடக்கம். 15 கிரெடிட் என்றால் 750 மணித்தியாலம். 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரத்துக்கு 50. ஒரு கிரெடிட் விரிவுரைக்கு 15 மணித்தியாலம் வகுப்பு என்பதால் நேர அட்டவணையில் வாரத்துக்கு 15 மணித்தியாலம்தான் தெரியும், அதைப் பார்த்துத்தான் "நிறைய நேரம் இருக்கே" என்று நினைக்கிறோம். மிச்சம் 35 மணித்தியாலம் எந்த அட்டவணையிலும் இருக்காது, நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். செய்முறை, களவேலை உள்ள பாடநெறி என்றால் ஒரு கிரெடிட்டுக்கே 30 மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆய்வுகூடத்திலோ களத்திலோ நிற்க வேண்டிவரும். ஆகவே இரண்டு பாடநெறிக்கும் 3 கிரெடிட் என்று போட்டிருந்தாலும், உங்கள் நேரத்தை அவை பிடிக்கிற விதம் ஒன்றல்ல.

இப்போது உங்கள் வாரம். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கழிப்பார்களே, அதுபோல 168 மணித்தியாலத்திலிருந்து கழிக்க வேண்டியதை முதலே கழித்துவிடுங்கள். நாளுக்கு 7 மணித்தியாலம் தூக்கம், வாரத்துக்கு 49. குளிப்பு, சாப்பாடு, உடுப்புக் கழுவுவது, விடுதிக்கும் பீடத்துக்கும் நடப்பது என்று நாளுக்கு 4 வைத்தால் 28. மிச்சம் 91, அதாவது நாளுக்கு 13. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வீடு உள்ளவர் வெள்ளி பின்னேரம் பஸ் ஏறி ஞாயிறு இரவு திரும்பினால், சனி ஞாயிறு 26, வெள்ளியில் ஒரு 5, சேர்த்து 31 போய்விடும். மிச்சம் 60. தேவை 50. வீட்டில் புத்தகம் திறப்பேன் என்று பையில் தூக்கிப் போவோம். லயத்து வீட்டில், அதுவும் எல்லோரும் பார்க்க வருகிற நேரத்தில், அது நடக்கிற காரியமா என்று உங்களுக்கே தெரியும். ஆக, ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போனால் கையில் நிற்பது 10 மணித்தியாலம். காய்ச்சல், கோயில் வேலை, டியூஷன் கொடுப்பது எல்லாம் அதற்குள்தான். டியூஷன் காசு இல்லாமல் கெம்பஸ் ஓட்ட முடியாத பிள்ளைகள் நம்மில் நிறையப் பேர், அதை விடச் சொல்லவில்லை. அப்படியானவர்கள் வீட்டுக்குப் போவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆக்குங்கள், அல்லது விருப்பப் பாடநெறியில் களவேலை இல்லாததை எடுங்கள். எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு தூக்கத்தில் கை வைப்பதுதான் ஆளை விழுத்தும்.

பாடநெறிகளைச் சேர்க்கும்போது ஒரே மாதிரி வேலையை ஒரே செமஸ்டரில் குவிக்காதீர்கள். இதற்கு ஒவ்வொரு பாடமும் உள்ளே என்ன கேட்கிறது என்று தெரிய வேண்டும். தமிழ் நம் தாய்மொழிதானே என்று தமிழ் சிறப்புக்குப் போகிறவர்கள் இலக்கண நூல்கள், மொழியியல் என்று வந்ததும் திணறுவதைப் பார்க்கலாம், அங்கே வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்காமல் கடைசியில் ஒன்றும் செய்ய முடியாது. பொருளியலில் கணிதமும் புள்ளிவிபரவியலும் வரும், உயர்தரப் பொருளியல் கொப்பி அதற்குக் காணாது. புவியியல் என்றால் படம் வரைதலும் களப்பயணமும் கணினியில் ஜிஐஎஸ் (புவியியல் தகவல் முறைமை) வேலையும். மெய்யியலில் அளவையியல் கிட்டத்தட்டக் கணக்கு மாதிரியே தினமும் செய்து பழக வேண்டியது. அரசியல் விஞ்ஞானத்தில் பாரமே வாசிப்புத்தான், நல்ல புத்தகங்களில் அதிகம் ஆங்கிலத்தில் இருக்கும். இப்போது ஒரு செமஸ்டருக்கு 3 கிரெடிட்டில் ஐந்து பாடநெறி என்று வைத்துக்கொள்வோம்: வாசிப்புப் பாரமானவை இரண்டு, செய்து பழக வேண்டியது ஒன்று, களவேலையோ செய்முறையோ உள்ளது ஒன்று, ஏற்கனவே ஓரளவு தெரிந்தது ஒன்று. இந்தச் சேர்மானம் தாங்கும். களவேலை உள்ளவை மூன்று ஒன்றாக வந்தால், எவ்வளவு கெட்டிக்கார ஆளானாலும் ஒன்று கைநழுவும்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. எடுக்க நினைக்கிற ஐந்து பாடநெறிக்கும் பாடத்திட்டத் தாளை முதல் வாரத்திலேயே வாங்குங்கள். ஒரு பெரிய தாளில் 15 வாரத்துக்கும் கோடு போட்டு, ஒவ்வொரு ஒப்படை, இடைப் பரீட்சை, முன்வைப்பு எந்த வாரம் என்று ஐந்து நிறத்தில் குறியுங்கள். பெரும்பாலும் ஏழாம் எட்டாம் வாரத்திலும், பிறகு பதின்மூன்று பதினான்கிலும் எல்லா நிறமும் ஒன்றாகக் குவிந்திருக்கும். ஒரே வாரத்தில் நாலு நிறம் வந்தால் பாடநெறியை மாற்றுங்கள், மாற்ற முடியாவிட்டால் எந்த ஒப்படையை இரண்டு வாரம் முந்தியே முடிப்பது என்று அன்றைக்கே தாளில் எழுதிவிடுங்கள். தொடர் மதிப்பீட்டுக்கு எத்தனை வீதம், இறுதிப் பரீட்சைக்கு எத்தனை வீதம் என்பதையும் பக்கத்தில் போடுங்கள். பரீட்சை மண்டபத்தில் பதறுகிற ஆளுக்கு ஒப்படைக்குக் கூடப் புள்ளி உள்ள பாடநெறி பாதுகாப்பு. பழைய வினாத்தாள்களையும் பதிவதற்கு முன் பாருங்கள், பதிந்த பிறகு பார்த்துப் பயப்படுவதில் லாபமில்லை.

வருகைக்கும் ஒரு கணக்கு உண்டு. பொதுவாக 80 வீதம் கேட்பார்கள். வாரத்துக்கு ஒரு தடவை நடக்கிற வகுப்பு என்றால் 15 இல் 12 தடவை இருக்க வேண்டும், மூன்று தடவைதான் விடலாம். அந்த வகுப்பு வெள்ளி பின்னேரம் என்றால் யோசித்துப் பாருங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழா ஒன்று, சொந்தத்தில் ஒரு சாவு, கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்து பஸ் போகாது என்பதால் முதல் நாளே கிளம்பியது ஒன்று. மூன்றும் முடிந்தது, இன்னும் பாதிச் செமஸ்டர் இருக்கிறது. தெரிவு உங்கள் கையில் இருந்தால் வெள்ளி பின்னேரத்திலும் திங்கள் காலை எட்டு மணிக்கும் விருப்பப் பாடநெறியை வைக்காதீர்கள். பெரஹரா நாட்களில் கண்டி ரோட்டு அசையாது, வெளியில் அறை எடுத்து இருக்கிறவர்கள் அதையும் சேர்த்துப் பாருங்கள். வகுப்புகளுக்கு நடுவில் இரண்டு மணித்தியால இடைவெளி வந்தால் நல்லது, விடுதிக்குப் போகாமல் நேராக நூலகத்துக்குப் போங்கள். இப்படி வாரத்தில் நாலு இடைவெளி கிடைத்தாலே நான் மேலே சொன்ன 35 இல் 8 கழிந்துவிடும். குப்பிக்கு, அதாவது சீனியர்களோ பேட்ச் ஆட்களோ சொல்லித்தருகிற வகுப்புக்கு, கட்டாயம் போங்கள், ஆனால் அதை விரிவுரைக்குப் பதிலாக வைக்காதீர்கள். குப்பி பரீட்சைக்குத் தயார்படுத்தும், ஆய்வுக்கட்டுரை எழுதத் தேவையான வாசிப்பு அதில் கிடைக்காது.

ஜிபிஏ, அதாவது பெறுபேறுகளின் சராசரிப் புள்ளி, பற்றித் தேவையில்லாத பயமும் இருக்கிறது, தேவையில்லாத தைரியமும் இருக்கிறது. 15 கிரெடிட்டில் 12 க்கு பீ பிளஸ், அதாவது 3.3, ஒரு 3 கிரெடிட் பாடநெறிக்கு மட்டும் சீ, அதாவது 2.0 வந்தால், அந்தச் செமஸ்டர் 3.04 ஆகிவிடும். பார்க்கத் தூக்கிவாரிப் போடும். ஆனால் 120 கிரெடிட் முழுவதிலும் சராசரி பார்த்தால் அந்த ஒன்றால் குறைவது 0.03 அளவுதான், அதற்காகச் சிறப்பை விட்டுவிட்டு அழ வேண்டாம். மறுபக்கம், "ரிப்பீட் எழுதிக்கொள்ளலாம்" என்று விடுவதும் ஆபத்து, ஏனென்றால் பொதுவாக ரிப்பீட்டில் எவ்வளவு நன்றாக எழுதினாலும் சீ தரத்துக்கு மேல் தரமாட்டார்கள், அடுத்த வருட 15 கிரெடிட்டின் மேல் இதுவும் ஏறும். முதலாம் வருடப் புள்ளிகள் இறுதி ஜிபிஏயில் சேருமா என்பது பீடத்துக்குப் பீடம் வேறு, கையேட்டில் பாருங்கள்.

நான்காம் வருட ஆய்வுக்கட்டுரைக்கு மூன்றாம் வருடத்திலேயே இடம் ஒதுக்குங்கள். நமக்கு இங்கே உண்மையிலேயே ஒரு வசதி இருக்கிறது: தோட்டக் குடியிருப்பு, கூலி, பாடசாலை இடைவிலகல், நாட்டார் பாடல், மண்சரிவு என்று எத்தனையோ தலைப்பு வீட்டு வாசலில் கிடக்கிறது, மொழியும் தெரியும், ஆட்களும் தெரியும். ஆனால் தோட்டத்துக்குள் கணக்கெடுப்புச் செய்ய நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டும், அது கையில் வர வாரக்கணக்கில் போகலாம், கொழுந்து மும்முரமான காலத்தில் யாரும் நின்று பேசமாட்டார்கள். அதனால் நான்காம் வருட முதல் செமஸ்டரில் களவேலை உள்ள வேறு பாடநெறி எதையும் சேர்க்காதீர்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், பொதுப் பட்டம் இரண்டாம் தரம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்பாவுக்கு முடியவில்லை, தம்பி தங்கச்சி படிக்கிறார்கள் என்ற வீட்டுக்கு ஒரு வருடம் முந்தி வருகிற சம்பளம் பெரிய விஷயம். பட்டதாரி ஆசிரியர் நியமனத்துக்கும் பட்டம் கேட்கிற அரச போட்டிப் பரீட்சைகள் பலவற்றுக்கும் மூன்று வருடப் பட்டம் போதும், நல்ல வகுப்போடு முடித்துவிட்டு பிறகு முதுகலைக்கு வரலாம். பல்கலைக்கழக விரிவுரையாளராக வேண்டும், ஆய்வில் போக வேண்டும் என்று இருந்தால் மட்டும் சிறப்புப் பட்டம் அவசியம், அதுவும் பொதுவாக முதலாம் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ கேட்பார்கள், அதாவது 3.30 க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, பதிவு நாட்கள். செமஸ்டர் தொடங்கிச் சில நாட்களுக்குள் பாடநெறியை மாற்றவோ விடவோ அனுமதிப்பார்கள், அந்தத் திகதி தாண்டினால் யார் சொல்லியும் நடக்காது. முதல் வாரம் எல்லா வகுப்புக்கும் போய் இருந்து பாருங்கள், தாளில் நிறம் குறியுங்கள், மாற்றுவதாக இருந்தால் உடனே மாற்றுங்கள். படிவத்தில் விரிவுரையாளர் கையொப்பம் வாங்கியதும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சை நேரம் உடம்புக்கு முடியாமல் போனால் மருந்து வாங்கிக்கொண்டு படுத்துவிடாதீர்கள், கையேட்டில் சொன்ன நாட்களுக்குள் மருத்துவச் சான்றிதழைப் பீட அலுவலகத்தில் கொடுங்கள், அல்லது வீட்டு ஆளிடமோ அறைத் தோழியிடமோ கொடுத்து அனுப்புங்கள். அது ஏற்கப்பட்டால் அடுத்த முறை எழுதுவது ரிப்பீட்டாகக் கணக்கில் வராது, முழுப் பெறுபேறும் கிடைக்கும்.