‘ஆன்’ என்றால் ‘மேலே’ அல்ல: தோட்டத்தில் ஆங்கிலம் கற்றுத்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரும்பலகையில் மூன்று வரி எழுதிப்போட்டேன். இன் என்றால் உள்ளே, ஆன் என்றால் மேலே, அண்டர் என்றால் கீழே. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ராகம் போட்டுப் பத்து முறை சொன்னார்கள். எனக்கும் திருப்தி. மறுநாள் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், மதில் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த ஓணானைக் காட்டி, “வேர் இஸ் த லிசர்ட்?” என்று கேட்டேன். ஒரு பையன் ரொம்ப நேரம் யோசித்தான். ஓணான் சுவருக்கு உள்ளே இல்லை. சுவருக்கு மேலேயும் இல்லை, பாதி உயரத்தில் இருக்கிறது. கடைசியில், “நியர் த வால், டீச்சர்” என்றான்.

நான் சொல்லிக்கொடுத்ததை வைத்துப் பார்த்தால் அவன் சொன்னதுதான் சரி. தப்பு என் கரும்பலகையில் இருந்தது.

தோட்டத்துப் பெயர்களையும் இடம் காட்டும் சொற்களையும் சேர்த்துக் கற்றுத்தருவது நல்ல யோசனைதான். தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்த பிறகு, 1 முதல் 3 வரையிலான வகுப்புகளில் ஆங்கிலமும் பாட்டு, விளையாட்டு, செயல்பாடு என்றே நடக்கிறது. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போனால் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. ஆனால் தோட்டத்தில் நின்றுகொண்டும் கரும்பலகைப் பாடத்தையே நடத்துகிறோம். வினை அங்கேதான்.

ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று அர்த்தம் சொல்வது

சுவரில் ஓணான், தொட்டியில் மண், கிளையில் காகம், கொடியில் துணி. நான்குக்கும் நாம் ஒரே ‘இல்’ போடுகிறோம். பேச்சில் வெறும் ‘ல’. ஆங்கிலத்தில் தொட்டி மண்ணுக்கு மட்டும் இன், மற்ற மூன்றுக்கும் ஆன். ஒன்றைத் தொட்டுக்கொண்டு, அதன் பிடியிலோ தாங்கலிலோ இருந்தால் ஆன் வரும். உயரம் ஒரு பொருட்டே இல்லை. இலையின் அடிப்பக்கத்தில் எறும்பு தலைகீழாக ஊர்ந்தாலும் அது ஆன் த லீஃப் தான். அந்த இலைக்கு ஒரு சாண் மேலே பறக்கும் தட்டான், நம் கணக்கில் ‘மேலே’. ஆங்கிலத்தில் ஆன் அல்ல, அபவ்.

இதை விளக்கமாகச் சொல்லிப் புரியவைக்க முடியாது, முயலவும் வேண்டாம். இடது கை முஷ்டியை நீட்டுங்கள். வலது உள்ளங்கையை அதன் உச்சியில் வையுங்கள்: ஆன். பக்கவாட்டில் ஒட்டுங்கள்: ஆன். அடியில் ஒட்டுங்கள்: அதுவும் ஆன். கையை எடுத்து விலக்கினால் ஆன் போய்விட்டது. நான் அறிந்தவரை ஐந்து நிமிடத்தில் இது பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடுகிறது. ‘மேலே’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அதை அழிக்க ஐந்து வாரம் ஆகும்.

அண்டருக்குக் கீழே என்று சொல்வதிலும் இதே சிக்கல். “பூ கீழே கிடக்கு” என்று சொல்கிறோம். அங்கே கீழே என்றால் தரை. அதையே பிள்ளை “ஃப்ளவர் இஸ் அண்டர்” என்று மாற்றிவிடுகிறது. எதற்கு அண்டர் என்று கேட்டால் முழிக்கும். தமிழில் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் ‘அடியில்’ என்று சொல்லுங்கள். பெஞ்சுக்கு அடியில், இலைக்கு அடியில். தரையில் கிடக்கும் பூவுக்கு ஆன் த கிரவுண்ட்.

மரம் தனித் தொல்லை. மாங்காய் மரத்தில் தொங்கினால் ஆன் த ட்ரீ. அதே மரத்தில் குயில் உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் இன் த ட்ரீ என்பார்கள். இலை தழைக்கு நடுவே இருக்கிறது என்ற கணக்கு. கிளையைக் குறிப்பிட்டால் மறுபடி ஆன் த பிராஞ்ச். ஏழு வயசுப் பிள்ளையிடம் இதை விதியாக விளக்குவதைவிட, முதல் சில வாரங்களுக்கு மரத்துப் பறவையை விட்டுவைப்பது மேல். தொட்டி, பக்கெட், பெஞ்ச், கல் போதும்.

சொற்களைத் தனித்தனி அட்டையில் மாட்டுவது

தமிழில் பொருள் முதலில் வரும், இடம் பிறகு வரும்: தொட்டிக்குப் பின்னால். அதனால் பிள்ளை “பாட் பிஹைண்ட்” என்கிறது. நாம் திருத்தினால் அடுத்து வருவது “பிஹைண்ட் டு த பாட்”. அந்த டு எங்கிருந்து வந்தது? தொட்டி‘க்கு’ என்பதில் இருந்துதான். இன் ஃப்ரண்ட் ஆஃப் படித்த பிறகு பிஹைண்ட் ஆஃப் என்றும் வரும். இதெல்லாம் கவனக்குறைவு இல்லை. பிள்ளை தன் மொழி இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றுகிறது.

சுவரில் பிஹைண்ட் என்று ஓர் அட்டை, பாட் என்று ஓர் அட்டை மாட்டினால் இது தீராது. ‘பிஹைண்ட் த பாட்’ என்பதை ஒரே மூச்சில் ஒரு சொல் மாதிரி சொல்லிப் பழக்கவேண்டும். பிஹைண்ட் த பாட், பிஹைண்ட் த கேட், பிஹைண்ட் த வெல். தாளம் போட்டால் இன்னும் நல்லது. இன்னொரு வழக்கமான பிழை “ஒன் கேட் இஸ் தேர்”. “ஒரு பூனை இருக்கு” என்பதன் நேர் மாற்று. தேர் இஸ் ஏ கேட் என்ற வடிவத்தையும் இப்படியே மொத்தமாக வாயில் ஏற்றிவிட வேண்டும். தேர் என்றால் ‘அங்கே’ என்று பிரித்து அர்த்தம் சொன்னால் கதை முடிந்தது.

வேப்பமரத்துக்கு முகம் எது?

ஒருமுறை பிள்ளைகளை வேப்பமரத்தைச் சுற்றி வட்டமாக உட்காரவைத்து, வேர் அருகே பந்தை வைத்தேன். ஒரு பக்கத்துப் பிள்ளைகள் “இன் ஃப்ரண்ட் ஆஃப் த ட்ரீ” என்றார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் “பிஹைண்ட், பிஹைண்ட்” என்று கத்தினார்கள். சண்டை. இரண்டு பக்கமும் சரிதான். மரத்துக்கு முன் பக்கம், பின் பக்கம் கிடையாது. பார்ப்பவர் நிற்கும் இடத்தை வைத்துத்தான் அவை உண்டாகின்றன.

ஜூடித் ஜான்ஸ்டன், டான் ஸ்லோபின் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் ஆங்கிலம், இத்தாலியன், செர்போ-குரோஷியன், துருக்கி ஆகிய நான்கு மொழிகளில் குழந்தைகள் தாய்மொழியின் இடச்சொற்களை எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். இன், ஆன், அண்டர், பக்கத்தில் முதலில். நடுவிலும், முகம் உள்ள பொருளுக்கு முன்னால், பின்னாலும் பிறகு. முகம் இல்லாத பொருளுக்கு முன்னால், பின்னால் கடைசியில். துருக்கி மொழியும் நம்மைப் போலப் பொருளுக்குப் பிறகே இடத்தைச் சொல்லும் மொழி என்பதால் இந்த ஆய்வு எனக்குக் கூடுதல் பிடித்தம். ஆகவே மரத்தில் தொடங்காதீர்கள். நாற்காலி, பொம்மை, சைக்கிள், கட்டிப்போட்ட ஆடு எல்லாவற்றுக்கும் முகம் உண்டு. மரம் கடைசியில் வரட்டும், அப்போதும் எல்லாரையும் ஒரே பக்கம் நிற்கவையுங்கள்.

கிராமத்துப் பிள்ளைகள் பலர் வீட்டில் “கிணத்துக்குத் தெக்கால” என்று திசையை வைத்தே பேசுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் பின்னால் குழப்பம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தால் ஆச்சரியம் இல்லை. எனக்குத் திசை தெரியாததைப் பார்த்து அவர்கள்தான் சிரிக்கிறார்கள்.

செய்துவிட்டான் என்பதால் புரிந்தது என்று நம்புவது

“புட் த சீட் இன் த பாட்” என்றதும் பிள்ளை விதையைத் தொட்டியில் போடுகிறது. கைதட்டுகிறோம். ஆனால் விதையையும் தொட்டியையும் கையில் கொடுத்தால் யார்தான் வேறெங்கே போடுவார்கள்? இன் என்ற சொல்லைக் கேட்காமலே செய்யலாம். ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் 1973இலேயே இதைக் காட்டினார்: சின்னக் குழந்தைகள் கிண்ணம் மாதிரி எதைப் பார்த்தாலும் உள்ளே வைக்கிறார்கள், தட்டையான பரப்பு இருந்தால் அதன்மேல் வைக்கிறார்கள், நாம் என்ன சொன்னாலும் சரி.

சோதிக்க வேண்டுமென்றால் ஏடாகூடமாகக் கேட்கவேண்டும். பக்கெட்டைக் கவிழ்த்துவையுங்கள். ஆன் த பக்கெட், அண்டர் த பக்கெட் இரண்டும் இப்போது சமமாகச் சாத்தியம். பூவாளியைப் பெஞ்சுக்கு அடியில் வைக்கச் சொல்லுங்கள், செருப்பைத் தொட்டிக்குள் போடச் சொல்லுங்கள். சிரிப்பும் வரும், உண்மையும் தெரியும். “இஸ் இட் அண்டர் த பெஞ்ச்?” என்று கேட்டு “எஸ் டீச்சர்” என்ற கூட்டுக் குரலை வாங்குவதில் எதுவும் தெரியாது.

படப் புத்தகத் தோட்டம்

டாஃபடில் பூ, வேலி போட்ட புல்வெளி, மரத்தாலான கருவி அறை. பல படங்களில் இருப்பது இங்கிலாந்துத் தோட்டம். பிள்ளைக்குத் தெரிந்தது செம்பருத்தி, முருங்கை, கறிவேப்பிலை, துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி. முதலில் கண்ணெதிரே இருப்பதற்குப் பெயர் கொடுங்கள்: ஹைபிஸ்கஸ் நீளமான பெயர்தான், ஆனால் பிள்ளைகள் அதை ஆசையாகச் சொல்வார்கள்.

கார்டன் என்றால் தோட்டம் என்பதும் அவ்வளவு நேரான விஷயம் இல்லை. கொங்குப் பக்கம் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள விவசாய நிலம். இலங்கை மலையகப் பிள்ளைக்குத் தோட்டம் என்றால் தேயிலை எஸ்டேட். படத்தையோ வீட்டு முற்றத்துச் செடியையோ காட்டாமல் சொல்லை மட்டும் கொடுத்தால் பிள்ளை வேறெதையோ நினைத்துக்கொள்ளும். தமிழில் ஏற்கனவே புழங்கும் ஆங்கிலச் சொற்களும் காலைவாரும். நாம் குழாயை ‘பைப்’ என்கிறோம். ஆங்கிலத்தில் திறந்து மூடுவது டாப். ரோஸ் கலர் ஆங்கிலத்தில் பிங்க்.

எல்லாவற்றையும்விட மோசம், ஆங்கில உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதவிடுவது. ஒரு பையனின் நோட்டில் பார்த்தேன்: ‘த கேட் இஸ் நியர் த கேட்’. முதல் கேட் பூனை, இரண்டாவது கேட் வாசல். புஷ் என்று எழுதினால் புதரா, தள்ளுவதா? பால் என்றால் பந்தா, கறப்பதா? இந்தக் கட்டுரையில் நானே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், ஆனால் என்னைப் படிப்பவர்களுக்கு வயது ஏழு இல்லை. தேனீக்கு ஆங்கிலப் பெயரைச் சொன்னதும் வகுப்பு ஏன் குலுங்கிச் சிரிக்கும் என்பதையும் விளக்க வேண்டியதில்லை. சிரித்து முடிக்கட்டும் என்று இரண்டு நிமிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம், பிஹைண்ட், பிசைட், பிட்வீன், பிலோ நான்கையும் ஒரே நாளில் எடுக்காதீர்கள். எல்லாம் ‘பி’யில் தொடங்கி ஒன்றையொன்று முட்டும். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு அடுத்தது.

முழு வாக்கியத்தில் சொல்லு

இது நம் வகுப்பறைகளின் தீராத பழக்கம். “வேர் இஸ் த பக்கெட்?” என்று கேட்கிறோம். பிள்ளை “அண்டர் த டாப்” என்கிறது. “முழு வாக்கியத்தில் சொல்லு” என்கிறோம். பிள்ளை “த பக்கெட்... பக்கெட் இஸ்...” என்று தடுமாறி, சரியாகச் சொன்ன அண்டரையும் கோட்டைவிடுகிறது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவரும் அந்தக் கேள்விக்கு “அண்டர் த டாப்” என்றுதான் பதில் சொல்வார். முழு வாக்கியம் எழுத்துக்கு வேண்டும்; அது மூன்றாம் வகுப்பில் வந்தால் போதும்.

போன மாதம் செடிக்கு ஊற்றப் பூவாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். பாடம் எல்லாம் இல்லை, நிஜமாகவே காணோம். சும்மா வாய்ப்பழக்கத்தில் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். திண்ணையில் கல்லாங்காய் ஆடிக்கொண்டிருந்த ஒருத்தி தலையைக்கூட நிமிர்த்தாமல், “பிஹைண்ட் த டேங்க்” என்றாள். போய்ப் பார்த்தேன், இருந்தது.