சியான் மாணவர் பயணம்: புதிய தொண்டூழியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்ப் பள்ளிகளிலிருந்து சீனாவின் சியான் நகருக்குப் பரிமாற்றப் பயணம் போகும்போது, உடன் வரும் தொண்டூழியர்களில் ஒன்றிரண்டு பேராவது புதியவர்களாக இருப்பார்கள். ஆர்வத்துக்குக் குறையே இருக்காது. ஆனால் தவறுகள் மட்டும் மாறுவதில்லை. முன்பு வந்தவர்கள் செய்ததையே இவர்களும் செய்கிறார்கள். கடவுச்சீட்டு பத்திரம், தலையை எண்ணிக்கொண்டே இருங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன். உள்ளூர்ப் பள்ளிக்குப் போகும் அந்த ஒரு நாள் கெட்டுப்போகக் கூடாது, அதுதான் என் கவலை.

பள்ளியை மதியத்துக்குத் தள்ளுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. நிகழ்ச்சி நிரல் போடுகிறவர் வரைபடத்தைப் பார்க்கிறார். சீனாவின் முதல் பேரரசருக்காகப் புதைத்த சுடுமண் படைவீரர் சிலைகளின் அருங்காட்சியகம் நகரிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. சரி, காலையில் அதை முடித்துவிட்டு மதியம் பள்ளி என்று எழுதிவிடுகிறார். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

ஆனால் அருங்காட்சியகம் இருக்கும் லின்தோங் போகும் சாலையில் காலை நெரிசல் இருக்கும். வாசலில் ஒவ்வொருவரும் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும், பையைச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். சிலைகள் நிற்கும் குழிகளில் முதல் குழி மட்டுமே 230 மீட்டர் நீளம். அதன் முன்பக்கத் தடுப்பை ஒட்டிக் கூட்டம் அடுக்கடுக்காக நிற்கும். 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்த படையை நேரில் பார்க்கும் பிள்ளைகளைப் பத்து நிமிடத்தில் கிளப்ப முடியாது, கிளப்பவும் கூடாது. வெளியே வந்தால் அப்புறம் நீளமான கடைத்தெரு.

ஒருமுறை இப்படித்தான் அங்கிருந்து கிளம்பவே பதினொன்றரை தாண்டிவிட்டது. மதிய உணவுக்கு முஸ்லிம் தெருவில் பாவ்மோ என்று ஏற்பாடு. அதற்கு ரொட்டியை நாமே விரலால் பிய்த்துக் கிண்ணத்தில் போட வேண்டும். கிண்ணம் சமையற்கட்டுக்குப் போய், ஆட்டிறைச்சிச் சாற்றோடு திரும்பி வரும். பட்டாணி அளவுக்குப் பிய்த்தால்தான் ருசி என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டே பிய்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்த உணவே அப்படித்தான்.

பள்ளிக்கு வரச் சொன்னது இரண்டு மணிக்கு. போய்ச் சேர்ந்தபோது மூன்றேகால். வகுப்பறையில் மேசைகளை இரண்டிரண்டாகச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். மேலே கம்பளி விரிப்பு, அதன்மேல் சீனத் தூரிகை எழுத்துக்கான ஷுவான் தாள், தூரிகை, மைக்கிண்ணம். கிண்ணங்களின் ஓரத்தில் மை காய்ந்து கறுப்பு வளையமாகிவிட்டிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஓர் அட்டை: எங்கள் மாணவர் ஒருவரின் பெயர், பக்கத்தில் அவருக்குத் துணையாக உட்காரப்போகும் உள்ளூர் மாணவரின் பெயர். சாப்பிட்டபின் சிறிது நேரம் தூங்குவது சீனப் பள்ளிகளில் வழக்கம். அந்தத் தூக்கத்தை விட்டுவிட்டு அவர்கள் இதையெல்லாம் அடுக்கியிருக்கிறார்கள்.

மூன்றரைக்கு அவர்களுக்கு அடுத்த பாடம். எங்களுக்கென்று ஒதுக்கியிருந்த நேரமே, அந்த வகுப்பின் ஆசிரியை சக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு வாங்கியது. மிச்சமிருந்த கால் மணி நேரத்தில் பதாகையைப் பிடித்து ஒரு படம், பரிசுப் பைகள் கைமாறல், கையசைப்பு, அவ்வளவுதான். தூரிகையை யாரும் தொடவில்லை. "இதுக்குத்தானே அக்கா வந்தோம்?" என்று பேருந்தில் ஒரு பையன் கேட்டான். அவன் கேட்டது நியாயம்தான்.

அதனால் பள்ளியைக் காலையில் வையுங்கள். படைவீரர்களுக்கு முடிந்தால் தனியாக ஒரு நாள் கொடுங்கள். இரண்டும் ஒரே நாளில்தான் என்றால் பள்ளிக்குப் போய்விட்டு அப்புறம் லின்தோங் போங்கள், கடைசி நுழைவு நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு. அங்கே தாமதமானால் நமக்கு மட்டும்தான் நஷ்டம். பள்ளியில் தாமதமானால், நமக்காக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளையும் அது சேர்த்துப் பாதிக்கிறது.

சீனம் தெரியாத மாணவரிடம் கேமராவைக் கொடுப்பது

எங்கள் குழுவில் தமிழ், மலாய் படிக்கும் பிள்ளைகளும் வருவார்கள். பேச்சு புரியாதே, பாவம் என்று அவர்களைப் புகைப்படம் எடுக்க அனுப்பிவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் அந்தப் பிள்ளை நாள் முழுக்க ஓரத்தில்தான் நிற்கும். தூரிகை எழுத்துக்கோ தாள் வெட்டுக்கோ பேச்சு அவ்வளவாகத் தேவையில்லை. இன்னொரு பயணத்தில் ஒரு தமிழ்ப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து, தூரிகையை நேராக நிறுத்தி, கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்தாள் உள்ளூர் மாணவி ஒருத்தி. பதிலுக்கு இவள் அதே தூரிகையால் தன் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டினாள். 'ழ'வின் சுழியில் மை ஊறிப் பரவிவிட்டது. சுற்றி ஏழெட்டுப் பேர் கூடி, தங்கள் பெயரையும் எழுதித் தரச் சொன்னார்கள். கேமரா ஆசிரியரிடமே இருக்கட்டும்.

நடுவில் நின்று மொழிபெயர்த்துக்கொண்டே இருப்பது

இரண்டடி தள்ளி நில்லுங்கள். பிள்ளைகள் தடுமாறட்டும்.

காய்கறி என்றால் சைவம் என்று நம்புவது

பீன்ஸ் பொரியலில் கொத்துப் பன்றி இறைச்சி இருக்கும். கீரையைப் பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கலாம், சூப் எலும்புச் சாறாக இருக்கலாம். இறைச்சி, சாறு, கொழுப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனியே குறிப்பிட்டு, சீனத்தில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லியாங்பி என்ற குளிர்ந்த நூடுல்ஸ் பெரும்பாலும் இறைச்சி இல்லாமல்தான் கிடைக்கும். ஹலால் உணவுக்கு முஸ்லிம் தெரு இருக்கிறது, சியானில் அந்தக் கவலை குறைவு.

ஹோட்டல் வைஃபையை நம்புவது

சீனாவில் வாட்ஸ்அப் தடை, அதனால் அதில் வராது. சிங்கப்பூர் சிம்மின் ரோமிங்கில் வரும். உள்ளூர் ஆசிரியர்களோடு பேச வீசாட் என்ற சீனச் செயலி வேண்டும், அதை ஊரிலேயே பதிந்துகொண்டு வாருங்கள்.

பவர் பேங்க்

சீனாவுக்குள் உள்நாட்டு விமானம் ஏறுவதாக இருந்தால் 3சி என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2025 ஜூன் 28 முதல், அது இல்லாததை ஏற்ற விடுவதில்லை.

மதில்மேல் முழுச் சுற்று

மிங் காலத்து நகர மதில் 13.7 கிலோமீட்டர். மேலே வாடகைச் சைக்கிள் கிடைக்கும் என்றதும் முழுச் சுற்றுக்கும் திட்டம் போட்டுவிடுகிறார்கள். செங்கல் தளம் குலுக்கி எடுக்கும், பாதி வழியிலேயே குழு சிதறிவிடும். தெற்கு வாசலில் ஏறி, கிழக்கு வாசலில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்தால் போதும். பேருந்தையும் அங்கேயே வரச் சொல்லிவிடுங்கள்.