ஃபோர்க்லிஃப்ட் காலைச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஷிப்ட் தொடங்கும் அவசரத்தில் பல கிடங்குகளில் செக்லிஸ்ட் எப்படி நிரம்புகிறது? மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் டிக், ஒரு கையெழுத்து, வண்டி கிளம்பிவிடும். இப்படி நிரப்புவதற்குத் தாளே இல்லாமல் இருக்கலாம். அடுத்து ஏறுபவர் அந்த டிக்குகளை நம்பித்தானே ஓட்டப்போகிறார்? அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிப்படி தினமும் ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். இரவு பகலாக ஓடும் வண்டியை ஒவ்வொரு ஷிப்ட் முடிந்ததும் பார்க்க வேண்டும்.

வண்டியை நகர்த்திவிட்டுச் சோதிப்பது அடுத்த தவறு. இரவெல்லாம் நின்ற இடத்தில் தரையில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்பதைச் சாவியைத் திருப்பும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

கசிவு தெரிந்தால் பலரும் செய்வது, ஹைட்ராலிக் ஹோஸை விரலால் தடவிப் பார்ப்பது. இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஊசித்துளை அளவு ஓட்டையிலிருந்து அழுத்தத்தோடு பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆரம்பத்தில் வலியும் அதிகம் இருக்காது. ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலோ கையோ போகலாம். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள், போதும்.

சுமையைத் தாங்கித் தூக்கும் இரும்புக் கரமான ஃபோர்க்கில் எல்லோரும் நுனியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அது வளையும் இடம், அதாவது ஹீல். சுமையின் இழுப்பு முழுவதும் அங்கேதான் விழுகிறது. தரையில் உரசித் தேய்வதும் அங்கேதான். தடிமனில் 10 சதவீதம் தேய்ந்தால் தூக்கும் திறன் சுமார் 20 சதவீதம் குறைந்துவிடும். 40 மி.மீ. ஃபோர்க் 36 ஆகிவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். விரிசல் விட்ட ஃபோர்க்கைப் பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் வைத்து ஓட்டுவது இன்னும் ஆபத்து. சூட்டில் பதப்படுத்திய எஃகு அது. கண்டபடி வெல்டிங் பட்டால் அந்தப் பதம் போய்விடும்.

ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டமான மாஸ்டின் செயின் இரண்டும் ஒரே விறைப்பில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு குச்சி போதும். மாஸ்டுக்குள் கையை விடவே கூடாது.

பேட்டரி வண்டியில் சார்ஜ் போடும் முன்பே டிஸ்டில்டு வாட்டரை நிறைய ஊற்றிவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி வழிய அதுவே காரணம். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவு ஊற்றலாம். மீதியைச் சார்ஜ் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த இடத்தில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும் என்பதால் பீடி, சிகரெட் அறவே கூடாது.

ஹாரன், லைட், ரிவர்ஸ் பஸ்ஸர் எல்லாம் ஒரு நிமிட வேலை. பிரேக்கை மட்டும் நின்ற இடத்தில் மிதித்துப் பார்த்துவிட்டு 'சரி' என்று எழுதாதீர்கள். சுமையில்லாமல் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள். சீட் பெல்ட்டையும் இழுத்துப் பாருங்கள். வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவர்கள்தான் மேல்கூண்டுக்கு அடியில் சிக்குகிறார்கள்.

அப்புறம், கோளாறைக் கண்டுபிடித்து எழுதியும் வைத்துவிட்டு, "லாரி நிக்குது, இந்த ஒரு லோடு மட்டும்" என்று ஓட்டுவது. இங்கே தவறு டிரைவருடையது மட்டுமல்ல, அவசரப்படுத்தும் சூப்பர்வைசருடையதும்தான். கோளாறு தெரிந்த உடனே சாவியை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் 'ஓட்டாதே' அட்டையை மாட்டுங்கள். மெக்கானிக் சரிசெய்து கையெழுத்துப் போடும்வரை அந்தச் சாவி யார் கைக்கும் போகக் கூடாது.