மதுரையில் கடல்மீன் வாங்கப் போகிறீர்களா?

நம்ம ஊருக்குக் கடல் கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஐஸ் பெட்டியில் வருவதுதான். ஆகவே கடைக்காரரிடம் நாலு கேள்வி கேட்டே வாங்குங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன் பெருகட்டும் என்று கிழக்குக் கடலில் விசைப்படகுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகு மீனா என்று கேளுங்கள். விலை கூடத்தான் இருக்கும், கொடுக்கலாம். கட்டுப்படியாகாவிட்டால் கண்மாய் விரால் இருக்கவே இருக்கிறது.

ஒரு முழம்கூட இல்லாத சீலாவை, அதாவது வஞ்சிரத்தை, மலிவென்று நீட்டுவார்கள். வேண்டாம், இரண்டடி தாண்டினால்தான் அது முட்டையிடும். நண்டைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள். வெளியே முட்டைக்கொத்து ஒட்டியிருந்தால் கூடையிலேயே விட்டுவிடுங்கள். அதில்தான் ருசி என்பார் என் மாமியார். அந்தச் சண்டை எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்யாமல் இருக்க மாட்டோம், தெரியும். ஆனால் சுறா மெதுவாக வளர்ந்து, கொஞ்சமாகத்தான் குட்டி போடும். அதை அந்த விசேஷத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வாரக் குழம்புக்குச் சாளை, நெத்திலி போதும். சீக்கிரம் பெருகும் இனம். செவுள் சிவந்த சாளையாகப் பார்த்து வாங்கி, அன்றைக்கே மண்சட்டியில் புளி தூக்கலாகக் குழம்பு வையுங்கள்.