உக்ரைன் அகதிகளுக்கு வீட்டில் இடம் கொடுத்தால் பென்ஷன் குறையுமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அன்ரிக்கு 76 வயது. மாடி அறை காலியாகக் கிடந்தது. உக்ரைனிலிருந்து வரும் ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் அதைக் கொடுக்க அவருக்கு ஆசை. "பென்ஷனை வெட்டிப்போடுவாங்களாம்" என்று யாரோ சொன்னதில் ஒன்றரை மாதம் தயங்கிவிட்டுத்தான் கொடுத்தார். போருக்குப் பயந்து வந்தவர்கள் நம்மிலும் நிறையப் பேர். ஒரு அறை கிடைக்காத தவிப்பு நமக்குத் தெரியும்.

முதல் தவறு, எல்லாப் பென்ஷனையும் ஒன்றாக நினைப்பது. ஸ்டேட் பென்ஷன் (அரசு ஓய்வூதியம்) நீங்கள் கட்டிய நேஷனல் இன்சூரன்ஸ் சந்தாவை வைத்து வருவது. வீட்டில் யார் தங்கினாலும் அது மாறாது. வருமானம் பார்த்து, அது குறைவாக உள்ள முதியவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவித்தொகை பென்ஷன் கிரெடிட். பயம் வருவது அதனால்தான்.

ஆனால் 2022 மார்ச்சில் பிரிட்டனில் தொடங்கிய 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' திட்டத்தில், உக்ரைன் அகதிகளுக்கு வீட்டில் இடம் கொடுப்பவருக்கு கவுன்சில் (உள்ளூராட்சி) மாதாமாதம் தரும் 350 பவுண்ட் நன்றித்தொகை, பென்ஷன் கிரெடிட் கணக்கில் வருமானமாகச் சேராது. அதற்கு வரியும் இல்லை. தனியாக வசிப்பவருக்கு கவுன்சில் டாக்ஸில் (வீட்டுக்கான உள்ளூர் வரி) உள்ள 25 சதவீத சலுகையும் போகாது. எத்தனை பேர் தங்கினாலும் ஒரு வீட்டுக்கு ஒரு தொகைதான்.

அதிகம் பேர் மாட்டுவது வாடகையில். நன்றித்தொகை வாங்கிக்கொண்டு வாடகை கேட்கக் கூடாது. கரண்ட், காஸ் செலவுக்கு நியாயமான பங்கை இருவரும் பேசி வாங்கலாம். அன்ரிக்கு அந்தத் தாய் அனுப்பிய முதல் 40 பவுண்டில், வங்கிக் குறிப்பாக 'ரெண்ட்' என்று போட்டிருந்தார். பாவம், அவருக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் அது. பின்னால் யாராவது ஸ்டேட்மென்டைப் பார்த்தால் விளக்கம் சொல்லியாக வேண்டும். 'காஸ் பில்' என்று மாற்றிப் போடச் சொன்னோம்.

அவர்கள் இந்தத் திட்டத்தில் தங்கும் ஏற்பாடு முடிந்தபின் அதே ஆட்களை வாடகைக்கு வைத்தால் கதை வேறு. அது வருமானம். பென்ஷன் கிரெடிட் கணக்கில் அந்த வாடகையில் வாரம் 20 பவுண்ட் வரை வருமானமாகச் சேர்க்க மாட்டார்கள். சாப்பாடும் போடுகிறீர்கள் என்றால் மிச்சத்தில் பாதியையும் சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்று, பேசாமல் இருந்துவிடுவது. காசு குறையாது என்றாலும், பென்ஷன் கிரெடிட் வாங்குபவர் வீட்டுக்கு யார் வந்தாலும் போனாலும் பென்ஷன் சேவைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வீடு மாறினால் கவுன்சிலுக்கும் உடனே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கூடுதலாக வந்த காசைத் திருப்பிக் கேட்பார்கள். அன்ரி போன் செய்த தேதி, பேசியவர் பெயர் எல்லாவற்றையும் காலண்டரிலேயே எழுதி வைத்திருக்கிறார்.