கேட்க ஆளில்லாத வேலை: தனி ஆளாக ஆன்லைன் தொழில் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தனி ஆளாக ஆன்லைனில் தொழில் செய்பவருக்கு வேலை இரண்டு வகை. இன்று செய்யாவிட்டால் நாளைக்கே ஒருவர் கேட்டுவிடுவார் என்பது ஒரு வகை: வந்த ஆர்டர், வாடிக்கையாளரின் சந்தேகம், அனுப்ப வேண்டிய இன்வாய்ஸ், ரீஃபண்ட். ஒரு வருடம் தள்ளிப்போட்டாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை என்பது இன்னொரு வகை: புதிய தயாரிப்பு, விற்பனைப் பக்கத்தைத் திருத்துவது, விலையை மறுபடி யோசிப்பது, தேடி வருபவர் கண்ணில் படும்படி ஒரு நல்ல கட்டுரை. அலுவலகமாக இருந்தால் இரண்டாவதைக் கேட்க ஒரு மேலாளர் இருப்பார். இங்கே அந்தப் பொறுப்பும் உங்கள் தலையில்தான். நன்றாக உழைக்கிறவர்களின் தொழில்கூட வருடக்கணக்கில் அதே இடத்தில் நிற்பதற்கு, நான் பார்த்தவரை, இதுதான் பெரிய காரணம்.

மீதி நேரத்தை நம்புவது

"இன்றைய வேலையை முடித்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம்" என்ற வரிசையிலேயே கோளாறு இருக்கிறது. இன்றைய வேலைக்கு முடிவே கிடையாது. ஒதுக்கிய நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும் என்று பிரிட்டிஷ் எழுத்தாளர் பார்க்கின்சன் 1955-ல் எழுதினார். அவர் பேசியது அரசு அலுவலகங்களைப் பற்றி. இன்பாக்ஸுக்கு அது இன்னும் கச்சிதமாகப் பொருந்துகிறது. நீங்கள் ஒரு பதில் போட்டால் அதற்கும் ஒரு பதில் வரும்.

வரிசையை மாற்றுங்கள். நாளின் முதல் ஒன்றரை மணி நேரம் கேட்க ஆளில்லாத வேலைக்கு. அதுவரை இன்பாக்ஸைத் திறக்க வேண்டாம், சும்மா ஒரு பார்வை பார்ப்பதற்குக்கூட. ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவினால் கவனத்தில் ஒரு பகுதி பழையதிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். வாசித்துவிட்டுப் பதில் எழுதாமல் மூடிய ஒரு புகார் அப்படித்தான் மனதில் உட்கார்ந்துகொள்ளும். காலை நேரம் ஒத்துவராதவர்கள் வேறு நேரம் பார்க்கலாம். அன்றாட வேலைக்கு முன்னால் அது வர வேண்டும், அவ்வளவுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. பணம் கட்டியவருக்குப் பொருள் கிடைக்கவில்லை, அல்லது பணம் கட்டவே முடியவில்லை என்றால் அது எல்லாவற்றையும் முந்தும். அதற்கு மட்டும் போனில் தனி அறிவிப்பு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை மதியம் வரை பொறுக்கும்.

நேரம் ஒதுக்கியும் வேலை நகரவில்லை என்றால், கேட்பதற்கு ஆளை உண்டாக்கிக்கொள்ளலாம். உதாரணமாக, ஆன்லைன் கோர்ஸ் விற்பவர் அது முழுவதையும் பதிவுசெய்து முடித்த பிறகுதான் அறிவிக்க வேண்டும் என்பதில்லை. பாடத்திட்டமும் முதல் பாடமும் தயாரானதும் குறைந்த விலையில் முன்பதிவைத் திறந்து, தேதியையும் சொல்லிவிடுங்கள். பணம் கட்டிய பத்துப் பேர் காத்திருக்கும்போது கை தானாக அந்த வேலைக்குப் போகும். யாருமே கட்டவில்லை என்றால் பல மாத உழைப்பு மிச்சம். தேதியை மட்டும் தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு வேலைக்குப் பிடிக்கும் நேரத்தை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பதை உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-லேயே எடுத்துக்காட்டிவிட்டார்கள்.

அன்றாட வேலையைத் தொல்லையாக மட்டும் பார்ப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவது இதை. அன்றாடம் ஒரு பக்கம், வளர்ச்சி ஒரு பக்கம் என்று பிரித்துவைத்து, முதலாவதை எரிச்சலோடு செய்பவர்கள், இரண்டாவதுக்கான கச்சாப் பொருளைக் குப்பையில் போடுகிறார்கள்.

கணக்கு எழுதுவதற்கான எக்செல் டெம்ப்ளேட் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு நான்கைந்து பேர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "பணம் கட்டிட்டேன், டவுன்லோடு லிங்க் வரலையே?" ஒவ்வொருவருக்கும் ஆர்டரைத் தேடி, வருத்தம் தெரிவித்து, லிங்கை அனுப்புகிறார். ஒரு பதிலுக்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது, அதனால் உறுத்துவதில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடங்கள் அடுத்த வாரமும் வரும், அதற்கடுத்த வாரமும் வரும்.

ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் காரணம் தெரியும். லிங்க் மின்னஞ்சலில் மட்டுமே போகிறது. டொமைனில், அதாவது தளத்தின் இணைய முகவரியில், மின்னஞ்சல் உண்மையில் அவரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் இல்லாததால் அந்த மின்னஞ்சல் பலருக்கு ஸ்பேமில் விழுகிறது. பதிவுகளைச் சேர்த்து, பணம் கட்டியதும் திறக்கும் நன்றிப் பக்கத்திலேயே ஒரு டவுன்லோடு பொத்தானையும் வைத்தால் அந்தக் கேள்வி ஏறக்குறைய நின்றுபோகும். விற்பனை பத்து மடங்கானாலும் திரும்ப வராது.

அதே இன்பாக்ஸில் இன்னொரு கேள்வி: "ரெண்டு கிளையோட கணக்கையும் இதுல சேர்த்துப் பார்க்க முடியுமா?" முடியாது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் மூன்றாவது ஆளும் அதையே கேட்டால் அடுத்த தயாரிப்பு என்ன என்று தெரிந்துவிட்டது. விற்பனைப் பக்கத்தின் தலைப்பு வரிகூட அவர் கேட்ட விதத்திலேயே இருக்கிறது. அதனால் கேள்விகளை வாடிக்கையாளரின் சொற்களிலேயே, தேதியோடு ஒரு கோப்பில் ஒட்டிவையுங்கள். உங்கள் சொற்களுக்கு மாற்றி எழுத வேண்டாம். ஒரே பதிலை மூன்றாவது முறை தட்டச்சு செய்யும்போது நிறுத்தி, அதை உதவிப் பக்கமாகவோ தயாரிப்பில் ஒரு மாற்றமாகவோ ஆக்கிவிடுங்கள். முதல் முறையே செய்ய வேண்டியதில்லை. ஒரே ஒருவர் கேட்டதற்காக இரண்டு நாள் செலவழித்து தானியங்கி ஏற்பாடு செய்வதும் வீண்தான்.

வளர்ச்சி போலத் தெரிகிற வேலை

லோகோவை மாற்றுவது, குறிப்பு எழுதும் செயலியை மாற்றுவது, இன்னொரு கோர்ஸில் சேர்வது, வருகை எண்ணிக்கையை மணிக்கொரு தரம் பார்ப்பது. இவை உழைத்த களைப்பைத் தரும், அதனால்தான் ஆபத்து. நான் வைத்துக்கொள்ளும் சோதனை எளிது: இதை முடித்தால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வெளியாள் யாராவது ஒன்றை வித்தியாசமாகச் செய்வாரா? வாங்குவாரா, சந்தாவைத் தொடர்வாரா, இன்னொருவரிடம் சொல்வாரா? இல்லையென்றால் அது காத்திருக்கலாம்.

புதிய ஆட்களைத் தேடுவதிலேயே மூழ்குவதும் இந்த வகைதான். உங்களிடம் 100 சந்தாதாரர்கள். மாதம் 5 சதவீதம் பேர் விலகுகிறார்கள். பார்க்கச் சின்ன எண். புதிதாக யாரும் சேராவிட்டால் வருட முடிவில் மிஞ்சுவது சுமார் 54 பேர். விலகலை 3 சதவீதமாகக் குறைத்தால் சுமார் 69 பேர். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நல்ல வரவேற்பு மின்னஞ்சலும், விலகியவரிடம் ஏன் என்று ஒரு வரிக் கேள்வியும் விளம்பரச் செலவில்லாமல் கிடைக்கும் வளர்ச்சி.

ஒரே தளம், ஒரே கிளையன்ட்

வைன் என்ற வீடியோ செயலியை மூடப்போவதாக 2016 அக்டோபரில் அறிவித்தார்கள். சில மாதங்களில் செயலி போனது, அங்கே சேர்த்த ரசிகர்களும் சிதறினார்கள். கூகுள் 2011-ல் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது தேடலை மட்டுமே நம்பிய பல தளங்களின் வருகை சட்டென்று சரிந்தது. வாடகை வீட்டில் சொந்தச் செலவில் மாடி கட்டுவதைப் போன்றது இது. தளங்களில் எழுதுங்கள், தாராளமாக. ஆனால் ஒவ்வொன்றும் உங்கள் மின்னஞ்சல் பட்டியலுக்கு ஆள் சேர்க்கட்டும். மின்னஞ்சல் அனுப்பும் சேவை நிறுவனத்தை மாற்றினாலும் அந்தப் பட்டியலைக் கையோடு எடுத்துப்போகலாம்.

ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்களுக்கும் இதே கதைதான். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே கிளையன்டிடமிருந்து வந்தால், அவருடைய அவசரமே உங்கள் நாளைத் தீர்மானிக்கும். அப்போது நேர மேலாண்மை எதுவும் உதவாது. அடுத்து வரும் புதியவருக்குக் கூடுதல் விலை சொல்லி ஆரம்பியுங்கள். குறைந்த நேரத்தில் அதே வருமானம் வந்தால்தான் மற்ற வேலைக்கு இடம் பிறக்கும்.

பராமரிப்பை மறப்பது

இரண்டு வகைக்கும் நடுவில் மூன்றாவதாக ஒன்று இருக்கிறது: பேக்கப், கடவுச்சொல், டொமைன் புதுப்பித்தல். டாட் காம் டொமைன் காலாவதியானால் சலுகைக் காலத்துக்குப் பிறகு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதில் மீட்கக் கூடுதல் கட்டணம். அதையும் விட்டால் 5 நாளில் நீக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். இணையதளத்தோடு அந்த டொமைனில் இருக்கும் மின்னஞ்சலும் நின்றுபோகும். மாதம் ஒரு மதியம் இதற்கென்றே ஒதுக்கி, பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது திறந்து பாருங்கள். டொமைனுக்குப் பணம் போகும் வங்கி அட்டை எந்த மாதம் முடிகிறது என்பதையும் காலண்டரில் குறித்துவையுங்கள். அட்டை காலாவதியானால் தானியங்கிப் புதுப்பித்தலும் நடக்காது.