சேத்துக்க ஒரு சில்லு மட்டும் சுத்தினா

கிளிநொச்சிப் பக்கம் காலபோக உழவு, மழை விட்ட கையோட இறக்கின உழவு மெசின்ர வலப்பக்கப் பெரிய சில்லு வாய்க்கால் ஓரம் புதைஞ்சு சும்மா சுத்துது, இடப்பக்கம் நல்ல தரையில அசையாம நிக்குது. டிபரன்சல், அதாவது எஞ்சின்ர இழுவையைப் பின் சில்லுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற பல்லுப்பெட்டி, ரெண்டு சில்லுக்கும் ஒரே அளவு இழுவைதான் குடுக்கும், பிடியில்லாதது எவ்வளவு வாங்குதோ மற்றதுக்கும் அவ்வளவுதான், அதால அக்சிலேட்டரைக் கூட்டக் கூட்டக் கிடங்குதான் ஆழமாகும். இடம் வலமெண்டு தனித்தனியா இருக்கிற ரெண்டு பிரேக் பெடலையும் சேத்துப் பூட்டுற கொழுக்கியைக் கழட்டிப்போட்டு, லோ கியரில, சுத்துற பக்கத்துப் பிரேக்கை மட்டும் மெல்ல மெல்ல அமத்தினன், அந்தப் பக்கம் இழுவை வாங்க மற்றப் பக்கத்துக்கும் அவ்வளவு போய், இடப்பக்கச் சில்லு மண்ணைக் கவ்வி மெசின் ஏறீட்டுது. டிப் லொக், அதாவது ரெண்டு சில்லையும் ஒண்டாச் சுத்த வைக்கிற டிபரன்சல் பூட்டு, இருந்தா சில்லு நிண்டாப் பிறகு போடுங்கோ, போட்டபடி திருப்பாதேங்கோ, கியர்ப் பல்லு உடையும். ஏ9 றோட்டில ஏற முந்தி பெடல் ரெண்டையும் கட்டாயம் திரும்பப் பூட்டோணும் தம்பிமார், வேகமா வரேக்க ஒரு பக்கம் மட்டும் பிடிச்சா மெசின் பிரண்டிடும்.